விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு காணாமல் போன 11 வருட மெயில்கள்: புறக்கோட்டை அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு 2023 நவம்பரில் நடந்தது. இடம் கொழும்பு புறக்கோட்டை, நான்காம் குறுக்குத் தெருப் பக்கம். செத்தல் மிளகாய், மல்லி, பருப்பு வகைகளை இந்தியாவிலிருந்து இறக்கி மொத்தமாக விற்கும் சிறிய நிறுவனம். கீழே மூட்டைகள், மேல் மாடியில் ஓர் அறைதான் அலுவலகம். உரிமையாளரை எல்லோரும் முதலாளி என்றே கூப்பிடுவார்கள். சுங்க முகவருக்குப் போகும் ஆவணங்கள், வங்கி வேலைகள், தூத்துக்குடியிலும் மும்பையிலும் உள்ள விற்பனையாளர்களோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் ஒரே ஒரு பெண் உத்தியோகத்தரின் கையில். அவரை இங்கே அக்கா என்று குறிப்பிடுகிறேன். சின்ன அலுவலகங்களுக்குக் கணினி வேலை செய்து கொடுப்பது என் தொழில். இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கணினி 2012இல் வாங்கியது. அப்போது அதில் விண்டோஸ் 7, ஆபிஸ் 2007. விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைத்த காலத்தில், 2016இன் முற்பகுதியில், பழையதன் மேலேயே அதை ஏற்றினார்கள். அதே வருடம் ஆபிஸும் 2016 பதிப்புக்கு மாறியது. இடையில் ஒரு தடவைகூட டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவில்லை. இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

மெயில் கணக்குகள் இரண்டு. ஒன்று நிறுவனத்தின் சொந்த டொமைன் பெயரில், பாப்3 முறையில் அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளுக்கு இறங்குவது. மற்றது ஜிமெயில், அதே அவுட்லுக்கில் ஐமேப் முறையில் இருந்தது. இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. பாப்3 என்பது தபால் நிலையப் பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வருவது போல. எடுத்து வந்த பிறகு கடிதம் வீட்டில்தான். அவுட்லுக் அந்த முறையில் கணக்கைப் போடும்போது, சர்வரில், அதாவது மெயில் சேவை நிறுவனத்தின் கணினியில், ஒரு பிரதியை 14 நாள் வைத்திருந்து அப்புறம் அழிப்பதைத்தான் இயல்பு அமைப்பாகக் கொண்டிருக்கிறது. நாம் அனுப்பும் மெயில்களோ பாப்3இல் சர்வருக்குப் போய்த் தங்குவதே இல்லை. அனுப்பிய கணினியில் மட்டும் இருக்கும். ஐமேப்பில் மூலம் சர்வரில், கணினியில் இருப்பது அதன் நகல்.

கடையில் நடந்தது

ஒக்டோபர் கடைசியில் கணினி மிகவும் மெதுவாகி, சில நாட்களில் விண்டோஸ் திறக்காமலே நின்றுபோனது. ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். புதிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸ் 10ஐயும் ஆபிஸையும் புதிதாக ஏற்றி, பழைய டிஸ்க்கிலிருந்து டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களையும் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். பழைய டிஸ்க்கையும் கையில் கொடுத்தார்கள்.

வேறு ஏதாவது எடுக்க வேண்டுமா என்று கடையில் கேட்டிருக்கிறார்கள். முதலாளி இல்லை என்றிருக்கிறார். பிறகு என்னிடம் அவர் சொன்னது இது: “தம்பி, மெயில் எல்லாம் இன்டர்நெட்டிலதானே இருக்கு? பாஸ்வேர்டைப் போட்டா வந்திரும்தானே?” கைத்தொலைபேசியில் ஜிமெயில் பார்த்துப் பழகிய ஒருவருக்கு அப்படித்தான் தோன்றும். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. மெயில் சர்வரில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர் விண்டோஸ் போடுகிறவர். வாடிக்கையாளரின் “ஒன்றும் இல்லை” என்ற பதிலை வைத்து ஒரு டிஸ்க்கை ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அக்கா அலுவலகத்தில் அவுட்லுக்கைத் திறந்து டொமைன் கணக்கைப் போட முயன்றபோது பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இல்லை. அது பழைய அவுட்லுக்கில் சேமித்தபடியே வருடக்கணக்காக ஓடியிருக்கிறது. அந்த மெயில் பெட்டியை நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லிப் புதிய பாஸ்வேர்ட் எடுத்தார்கள். கணக்கு திறந்தது. ஏறத்தாழ இரண்டு வார மெயில்கள் மட்டும் வந்தன. அனுப்பியவை என்ற ஃபோல்டர் காலி.

இங்கே அவசரம் இரண்டு பக்கமாக இருந்தது. வருமான வரி அறிக்கைக்கான கடைசி நாள் நவம்பர் 30. கணக்காளர் சில விலைச்சிட்டைகளையும் கழிவுச் சீட்டுகளையும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்று, ஈரம் பட்டு வந்த மிளகாய்க்கு விலை குறைப்பதாக ஒரு விற்பனையாளர் ஒத்துக்கொண்டதும், அதற்கு அக்கா எழுதிய பதிலும் மெயிலில் மட்டுமே இருந்தன. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிவின் சட்ட வலுவை மறுக்க முடியாது. ஆனால் பதிவு கையில் இருக்க வேண்டுமே.

முதல் நாள்: தொடாமல் வைத்தவை

நான் போன உடனே செய்தது மூன்று வேலைகள்தான். புதிய அவுட்லுக்கில் தானாக மெயில் எடுக்கும் அமைப்பை நிறுத்தினேன். அப்புறம் கணக்கின் அமைப்புக்குள் போய், 14 நாளில் சர்வரிலிருந்து அழிக்கச் சொல்லும் குறியை எடுத்துவிட்டேன். சர்வரில் மிச்சமிருக்கும் அந்த இரண்டு வாரமும் இந்த இடைநேரத்தில் குறைந்துவிடக் கூடாது என்பதே காரணம். மூன்றாவது, பழைய டிஸ்க்கை யாரும் எந்தக் கணினியிலும் மாட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். முதலாளியின் மகன் அன்று மாலை அதை யூஎஸ்பி உறையில் போட்டுத் திறந்து பார்க்கலாம் என்று இருந்தார். பழுதாகும் டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால், அது தானாகவே பிழை திருத்தத் தொடங்கலாம். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடும்போது டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடி மிச்ச ஆயுளும் வீணாகும்.

பிறகு அக்காவோடு உட்கார்ந்து பேசினேன். என்ன மெயில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காலையில் கணினியைத் திறந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், அடுத்தது என்ன என்று கேட்டேன். “முதல்ல இன்றைக்கு என்ன செக் வங்கிக்கு வருதென்று பார்ப்பன் தம்பி. அது தானா மணியடிச்சுச் சொல்லும்” என்றார். பிந்திய திகதி போட்டுக் கொடுத்த காசோலைகளை எல்லாம் அவர் அவுட்லுக் நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தார். புறக்கோட்டையில் வியாபாரம் ஓடுவதே அந்தக் காசோலைகளின் மேல்தான். வங்கியில் பணம் இல்லாத நாளில் ஒரு காசோலை திரும்பினால், பல வருடம் கட்டி வைத்த பெயர் கெட்டுப்போகும். மெயில் போய்விட்டது என்ற பதற்றத்தில், நாட்காட்டியும் போய்விட்டதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரமே வங்கிக்கு வர இருந்த காசோலைகளை அடிக்கட்டையைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னேன். தொழில்நுட்ப வேலை தொடங்குவதற்கு முன் நடந்த இந்தப் பேச்சு இல்லாவிட்டால், மெயில்களை மட்டும் மீட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போயிருப்பேன்.

இன்னொரு விவரமும் அப்போது தெரிந்தது. அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டொக்யுமென்ட்ஸ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வந்திருக்கிறார். இப்படி ஒழுங்காகச் செய்கிறவர்களைப் பார்ப்பது அரிது. ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பு மட்டும் மிகப் பெரியது என்று செய்தி வரும், அதைத் தாண்டிவிட்டு மற்றவற்றை எடுப்பார். அந்த பென் டிரைவ் ஃபாட்32 முறையில் வடிவமைக்கப்பட்டது. அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை வைக்க முடியாது, டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். தாண்டிவிட்ட அந்த ஒரே கோப்பு மெயில் கோப்பு. டிரைவை எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றியிருந்தால் போதும், வெள்ளிக்கிழமைப் பிரதியில் அதுவும் சேர்ந்திருக்கும்.

புதிய எஸ்எஸ்டியிலேயே இருந்த பாதி

அந்தப் பெரிய கோப்பு எது என்று பார்த்தபோது முதல் நல்ல செய்தி கிடைத்தது. டொக்யுமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர். அதில் ஆர்க்கைவ் என்ற பெயரில் 5 ஜிபியைத் தாண்டிய ஒரு பிஎஸ்டி கோப்பு; அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் கோப்பு வகை அது. கடை டொக்யுமென்ட்ஸை முழுதாகப் பிரதி எடுத்ததால் இதுவும் வந்திருந்தது. அவுட்லுக்கில் அதைத் திறந்தேன். 2012 முதல் 2015 வரையான மெயில்கள், அனுப்பியவையும் சேர்த்து, அப்படியே இருந்தன. அவுட்லுக் மெதுவாகிறது என்று 2017இல் யாரோ பழையவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பிஎஸ்டி கோப்பு டிஸ்க்கில் இருந்தால் மட்டும் அவுட்லுக் அதைத் தேடிப்பிடித்துக் காட்டாது. நாம்தான் திறந்து கொடுக்க வேண்டும். அதனால் மூன்று நான்கு நாளாக அவர்கள் கண் முன்னாலேயே இருந்தும் அது தெரியவில்லை.

ஆர்க்கைவ் அங்கே இருந்தால், அன்றாட மெயில்கள் சேரும் முக்கியக் கோப்பு ஏன் அங்கே இல்லை? காரணம் அந்தக் கணினியின் வயது. அவுட்லுக் 2010 முதல்தான் பாப்3 கணக்கின் பிஎஸ்டி கோப்புக்கு டொக்யுமென்ட்ஸ் இயல்பு இடமானது. 2007 பதிப்பு அதை ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள், லோக்கல், மைக்ரோசொஃப்ட், அவுட்லுக் என்று உள்ளே உள்ளே வைத்திருந்தது. பின்னால் ஆபிஸை மாற்றினாலும், விண்டோஸ் 7ஐ 10 ஆக்கினாலும், இருக்கிற கோப்பை யாரும் இடம் மாற்றுவதில்லை. ஆகவே 2016 முதல் வந்த எல்லாமும் அந்த மறைந்த ஃபோல்டரில், பழைய டிஸ்க்கில். அவுட்லுக்கில் கணக்கு அமைப்புகள் பகுதியில் தரவுக் கோப்புகள் என்று ஒரு பக்கம் உண்டு. எந்தக் கணக்குக்கு எந்தக் கோப்பு, அது எந்த இடத்தில் என்று அந்தப் பக்கம் முழுமையாகக் காட்டிவிடும். பழைய விண்டோஸ் திறக்கும் நிலையில் இருந்த காலத்தில் அதைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் எங்கள் தேடல் சுருங்கியிருக்கும்.

பழைய டிஸ்க்

டிஸ்க்கை என் இடத்துக்குக் கொண்டுபோனேன். கோப்பைத் தேடுவதற்கு முன் முழு டிஸ்க்கையும் நகல் எடுப்பது என்று முடிவு செய்தேன். முதலாளிக்கு அதில் தயக்கம். மெயில் கோப்பு ஒன்றை மட்டும் எடுத்தால் அன்றே முடியாதா என்றார். கோப்பை நேராகப் பிரதி எடுத்தால், வாசிக்க முடியாத இடம் வந்ததும் விண்டோஸ் திரும்பத் திரும்ப முயன்று கடைசியில் முழுக் கோப்பையும் கைவிட்டுவிடும். தவிர நாட்காட்டி எங்கே இருக்கிறது என்று அப்போது எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. எதை எடுக்க வேண்டும் என்று தெரியாத நிலையில் எல்லாவற்றையும் எடுத்து வைப்பதே பாதுகாப்பு. இதை விளக்கியதும் சரி என்றார்.

லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை யூஎஸ்பியிலிருந்து திறந்து, ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியால் நகல் எடுத்தேன். அதன் சிறப்பு, முதலில் நல்ல பகுதிகளை வேகமாக எடுத்துவிட்டு, பழுதான இடங்களைக் கடைசியில்தான் தொடும். எது எடுத்தாயிற்று, எது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மிகச் சிறிய ஒரு பகுதியைத் தவிர முழு டிஸ்க்கும் வந்துவிட்டது.

அடுத்த கேள்வி, வாசிக்க முடியாத அந்தச் சிறு பகுதி யாருடைய வீட்டில் விழுந்தது என்பது. டிடிரெஸ்கியூவிலேயே இதற்கு வழி உண்டு. நகலில் பழுதான இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் ஏதாவது ஒரு சொற்றொடரால் நிரப்பச் சொல்லலாம். பிறகு நகலைத் திறந்து அந்தச் சொற்றொடர் எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று தேடினால் பாதிக்கப்பட்டவை தெரிந்துவிடும். அப்படித் தேடியதில் சில விண்டோஸ் கோப்புகளோடு, முக்கியமான பிஎஸ்டி கோப்பும் அகப்பட்டது. டிஸ்க்கில் மிகப் பெரிய கோப்புகளில் ஒன்று, தினமும் எழுதப்படுவது. அதில் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

மெயில் கோப்பைச் சரி செய்தது

பிஎஸ்டி கோப்பு 9 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். நகலிலிருந்து அதை எடுத்து, அதற்கு இன்னொரு பிரதி போட்டு, அந்தப் பிரதியின் மேல்தான் வேலை செய்தேன். ஆபிஸோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி கருவி இதற்கானது. அது கோப்பின் உள்ளமைப்பைப் பரிசோதித்து, அறுந்த தொடர்புகளை மறுபடி கட்டும். எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாதவற்றைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போடும். ஆனால் சரி செய்ய முடியாததை அது அகற்றவும் செய்யும். அதனால்தான் இருக்கிற ஒரே கோப்பின் மேல் அதை ஓட்டக் கூடாது. ஒருமுறை ஓட்டி முடிந்த பிறகும் பிழைகள் மிச்சம் என்று சொன்னதால், பிழை இல்லை என்று சொல்லும் வரை திரும்ப ஓட்டினேன்.

2016 முதல் 2023 ஒக்டோபர் வரையான மெயில்கள் திறந்தன. அக்கா விற்பனையாளர் வாரியாகப் பிரித்து வைத்திருந்த ஃபோல்டர்களும் அப்படியே. ஈர மிளகாய் பற்றிய ஒப்புதலும், அனுப்பியவையில் அதற்கான பதிலும் இருந்தன. தொலைந்ததாகத் தெரிந்தவை சில டசின் மெயில்கள். சிலவற்றில் எழுத்து இருந்து இணைப்பு மட்டும் திறக்கவில்லை.

நாட்காட்டியும் முகவரிகளும்

நாட்காட்டி இந்தக் கோப்பில் இல்லை. அங்கேதான் ஐமேப் பற்றிப் பலருக்கும் இருக்கும் நம்பிக்கை உடைகிறது. ஜிமெயில் ஐமேப்பில் இருப்பதால் அதில் எதுவும் தொலையாது என்று நாமும் சொல்லிவிடுவோம். மெயிலைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் ஐமேப் மெயிலை மட்டும்தான் கொண்டுபோகும். நாட்காட்டியையும் முகவரிகளையும் கொண்டுபோகாது. அவுட்லுக் 2013 முதல், ஐமேப் கணக்கின் கீழ் இருக்கும் நாட்காட்டிக்கும் முகவரிப் பட்டியலுக்கும் பக்கத்தில், இந்தக் கணினியில் மட்டும் என்று ஒரு குறிப்பே போட்டிருக்கும். அக்கா பல வருடமாகக் காசோலைத் திகதிகளை எழுதி வந்தது அந்த நாட்காட்டியில். அது கூகுளுக்கு ஒரு நாளும் போகவில்லை. அதை வைத்திருந்தது ஓஎஸ்டி என்ற வகைக் கோப்பு. பிஎஸ்டியைப் போல அதை வேறு கணினியின் அவுட்லுக்கில் திறக்க முடியாது. எந்தக் கணக்கு அமைப்பு அதை உருவாக்கியதோ அதற்குள்தான் திறக்கும்.

விலை கொடுத்து வாங்கும் மாற்றிக் கருவிகள் உண்டு. அவற்றுக்கு முன் வேறொரு வழியைப் பார்த்தேன்: பழைய விண்டோஸையே மறுபடி உயிர்ப்பிப்பது. டிஸ்க் நகலின் ஒரு பிரதியை, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருள் வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றி, என் கணினிக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியாகத் திறந்தேன். பழுதான விண்டோஸ் கோப்புகளால் முதலில் நின்றது. டிஸ்க் பரிசோதனையும் தொடக்கப் பழுதுபார்ப்பும் செய்த பிறகு திறந்தது. திறப்பதற்கு முன் அதன் வலையிணைப்பை முழுதாகத் துண்டித்துவிட்டேன். இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: பழைய அவுட்லுக் இணையத்தைத் தொட்டால், பழைய விதிப்படி சர்வரில் உள்ளதை எடுக்கவும் அழிக்கவும் தொடங்கலாம், ஜிமெயிலோடு ஒத்திசைந்து உள்ளூர் நகலையும் மாற்றலாம்.

ஆபிஸ் தன்னை மறுபடி பதியச் சொல்லிக் கேட்டது. ஆனாலும் வேலை செய்ய விட்டது. நாட்காட்டியும் முகவரிகளும் கண் முன்னால் வந்தன. இரண்டையும் ஒரு புதிய பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்தேன். பழைய சூழல் முழுதாகக் கையில் இருந்ததால் கையொப்பங்கள், விற்பனையாளர் பெயரைப் பார்த்து மெயிலைப் பிரிக்கும் விதிகள் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டேன். விதிகளைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்ய அவுட்லுக்கிலேயே வசதி உண்டு. கையொப்பங்கள் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் சிக்னேச்சர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும்.

திரும்ப வைத்தது

புதிய எஸ்எஸ்டியில் இப்போது இரண்டு வார மெயில்கள் கொண்ட ஒரு புதிய பிஎஸ்டியும், மீட்ட பழைய பிஎஸ்டியும் இருந்தன. பழையதைப் புதியதற்குள் இறக்குமதி செய்வது ஒரு வழி. நான் மறுபக்கமாகச் செய்தேன். மீட்ட கோப்பைத் திறந்து, இனிமேல் மெயில் வந்து சேரும் இடமாக அதையே ஆக்கினேன். புதிய கோப்பிலிருந்து, கணினி கடைக்குப் போன நாளுக்குப் பிறகு வந்தவற்றையும் அனுப்பியவற்றையும் மட்டும் அதற்கு நகர்த்தினேன். அதற்கு முந்தியவை ஏற்கெனவே பழையதில் இருந்தன. இப்படிச் செய்ததில் இரட்டை மெயில்கள் வரவில்லை. 9 ஜிபியை நகர்த்த வேண்டிய அவசியமும் இல்லை.

கோப்பின் இடத்தையும் மாற்றினோம். மறைந்த ஃபோல்டரை விட்டு, டிரைவின் மேல் மட்டத்திலேயே மெயில் என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர். அடுத்த முறை யார் விண்டோஸ் போட்டாலும் கண்ணில் படும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அக்கா கூப்பிட்டார். பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் கெட்டுப்போய் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன என்றார். குரலில் பயம். கெட்டது எதுவும் இல்லை. 2018 வரை அந்த அலுவலகம் தமிழை பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்திருக்கிறது. பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அது கணினியில் இல்லாவிட்டால் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். விண்டோஸைப் புதிதாகப் போட்டதில் அதுவும் போயிருந்தது. டிஸ்க் நகலின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டதும் கடிதங்கள் சரியாகின. நம் ஊரில் தமிழில் வேலை செய்த எந்தப் பழைய கணினியிலும் விண்டோஸ் போடுவதற்கு முன் எழுத்துருக்களையும் எடுத்து வைக்க வேண்டும். இது இல்லாததால் நல்ல கோப்புகளைக் கெட்டவை என்று அழித்துவிட்டவர்கள் இருக்கக்கூடும் என்று எனக்குக் கவலை உண்டு.

தொடர்ந்து செய்த மாற்றங்கள்

பாப்3ஐ விட்டு ஐமேப்புக்கு மாறலாமா என்று பேசினோம். ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த பெட்டி 5 ஜிபி. இரண்டு கோப்புகளும் சேர்ந்து 14 ஜிபியைத் தாண்டும். ஆகவே டொமைன் கணக்கை ஐமேப்பாக்கி, நடப்பு வருடத்தையும் முந்திய வருடத்தையும் மட்டும் சர்வரில் ஏற்றி, மற்றவற்றை பிஎஸ்டியிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஐமேப் ஆனதும் கவலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். ஐமேப்பில் ஒரு கருவியில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும்; அது காப்புப் பிரதியின் வேலையைச் செய்யாது. காசோலை நாட்காட்டியைக் கூகுள் நாட்காட்டிக்கு ஏற்றி, முதலாளியின் தொலைபேசியிலும் வருமாறு செய்தோம்.

வெள்ளிக்கிழமைப் பழக்கம் தொடர்கிறது. பென் டிரைவுக்குப் பதிலாக இரண்டு வெளி டிஸ்க்குகள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வெள்ளவத்தையில் முதலாளியின் வீட்டில். வாரம் மாற்றி வாரம் இடம் மாறும். பிரதி எடுப்பதற்கு முன் அவுட்லுக்கை மூட வேண்டும். திறந்திருக்கும்போது பிஎஸ்டி கோப்பு பூட்டப்பட்டிருக்கும். மாதக் கடைசியில் அந்தப் பிரதியை இன்னொரு மடிக்கணினியின் அவுட்லுக்கில் திறந்து, கடைசியாக அனுப்பிய மெயில் இருக்கிறதா என்று அக்கா பார்க்கிறார்.

விண்டோஸ் போடுவதற்கு முன் செய்திருக்க வேண்டியவை

அந்தக் கடையின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்க்கிறேன். டிஸ்க் பழுது என்று தெரிந்ததும் முழு நகல் எடுத்திருந்தால் மற்றதெல்லாம் பின்னால் நிதானமாகச் செய்யக்கூடியவை. அந்த வசதி இல்லாவிட்டாலும், நான்கு ஃபோல்டர்களுக்குப் பதிலாக யூசர்ஸ் ஃபோல்டரை ஆப்டேட்டாவோடு முழுதாக எடுத்திருந்தால் மெயில் கோப்பும் வந்திருக்கும், அல்லது அது வாசிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கையாவது வந்திருக்கும். பழைய டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது அவர்கள் செய்த மிகப் பெரிய நன்மை; அதை மனமாரச் சொல்ல வேண்டும். அந்த டிஸ்க்கையே அழித்து விண்டோஸ் போட்டிருந்தால், புதிய விண்டோஸ் மேலெழுதிய இடங்களில் இருந்தவை திரும்ப வந்திரா. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடங்களை டிஸ்க்குக்குள்ளேயே சீக்கிரம் துடைத்துவிடும்.

அவுட்லுக்குக்குப் பதிலாக தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் பாவிக்கும் அலுவலகங்களுக்கு இது இலகு. மெயில், முகவரி, பாஸ்வேர்ட், அமைப்பு எல்லாம் ஒரே ப்ரொஃபைல் ஃபோல்டரில், ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக எடுத்து, புதிய கணினியில் அதே இடத்தில் வைத்து, தண்டர்பேர்டில் ப்ரொஃபைலாக அதையே தேர்ந்தெடுத்தால் போதும். புதிய கணினியில் போடுவது அதே பதிப்போ அதற்குப் பிந்தியதோவாக இருக்க வேண்டும். பழைய பதிப்பு, புதியது பாவித்த ப்ரொஃபைலைத் திறக்க மறுக்கும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நான் போகும் அலுவலகங்களில் இதே வேலை வரிசையாக வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் இப்போது முதலில் தரவுக் கோப்புகள் பக்கத்தைத் திறந்து படம் எடுக்கிறேன். பிறகு அந்த மேசையில் வேலை செய்கிறவரிடம் காலையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்கிறேன். புதிய கணினி ஒரு மாத கணக்கு முடிப்பைத் தாண்டும் வரை பழைய டிஸ்க்கை யாரும் எழுதவோ அழிக்கவோ கூடாது என்று தாளில் எழுதி அதன் மேல் ஒட்டுகிறேன்.

இந்த அலுவலகத்தின் வரி அறிக்கை நவம்பர் 30க்கு முன் போய்ச் சேர்ந்தது. திறக்காத இணைப்புகளை விற்பனையாளர்களிடம் கேட்டதில் பெரும்பாலானவை திரும்ப வந்தன. வியாபாரத்தை மூடிவிட்ட ஒருவரிடமிருந்து வந்த 2019ஆம் ஆண்டு விலைச்சிட்டைகள் மட்டும் கிடைக்கவில்லை. அவற்றின் அச்சுப் பிரதிகளைக் கணக்காளரின் கோப்புகளில் அக்கா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.